இருபத்தஞ்சுல நின்னுபோற மோட்டாரும் என்னோட மனுக்களும்

எலக்ட்ரிக் சைக்கிள் தொழில்ல பஞ்சர், பிரேக்கு, பேட்டரி எல்லாம் சும்மா பேருக்குத்தான், வர்றவங்க அம்புட்டுப் பேரும் கடைசியில வந்து நிக்கிற எடம் ஒண்ணே ஒண்ணு: "அக்கா, ஸ்பீடக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்." பசுமலையில நான் கடை போட்டு ஆறு வருசம் ஆச்சு. அதுக்கு முன்னாடி பத்து வருசம் பைக் ஷோரூம்ல சர்வீஸ் கவுண்டர்ல உக்காந்து வாங்காத ஏச்சு இல்ல. நீங்களும் எந்தக் கவுண்டருக்குப் பின்னாடியாச்சும் நின்னு, நீங்க போடாத விதிக்கு நீங்க திட்டு வாங்கியிருந்தீகன்னா, வாங்க, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

நான் என்ன ராக்கெட்டா கேட்டேன்?

மொதல்ல விசயத்தைச் சொல்லிடுறேன். சைக்கிள் மாதிரியே மெலிசா, ஒரு கையில தூக்குற கனத்துல, இப்ப எலக்ட்ரிக் ரோடு சைக்கிள் வருது. நீங்க மிதிச்சா மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் வந்ததும் மோட்டார் கையை எடுத்துரும். அதுக்கு மேல போகணும்னா உங்க காலு, உங்க பாடு. இருபத்தஞ்சோட நின்னா அது சைக்கிள். நம்பர் பிளேட் வேணாம், லைசென்ஸ் வேணாம். அதைத் தாண்டி மோட்டார் தள்ளுச்சுன்னா அது வண்டி.

திருப்பரங்குன்றத்துல இருந்து ஒரு பேங்க்காரர் வந்தாரு. சட்டை மடிப்புக் கலையாத ஆளு. இதை எல்லாம் அவருக்குப் பொறுமையா, ரெண்டு தடவை சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு, தலையை ஆட்டுனாரு. 'அப்பாடா, ஒருத்தருக்காச்சும் புரிஞ்சுச்சு'ன்னு நெனச்சேன். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுச் சொன்னாரு: "எல்லாம் சரிதாங்க. நான் என்ன ராக்கெட்டா கேட்டேன், ஒரு முப்பதுதானே?"

துவரிமான் ஆடு

நான் என்னமோ பிறந்ததுல இருந்தே உத்தமின்னு நெனைச்சுராதீக. கடை போட்ட புதுசுல ஒரே ஒரு வண்டிக்கு ஏத்தி விட்டேன், என் தம்பி குமாரோட வண்டிக்கு. லேப்டாப்பை மாட்டி, சக்கரத்தோட அளவைக் கொறைச்சு எழுதிட்டாப் போதும். தான் மெதுவாப் போறதா நம்பிக்கிட்டு வண்டி பாட்டுக்கு ஓடும். தம்பி கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவ்வளவுதான்.

எட்டே நாள். துவரிமான் பக்கம் ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகல. எதுக்க வந்த ஸ்கூட்டர்ல மோதி இவனுக்குக் காறை எலும்பு முறிஞ்சுருச்சு, ஸ்கூட்டர்காரருக்கு முட்டி பேந்துருச்சு. கட்டுப் போட்டுட்டு ஸ்டேஷன்ல போயி நின்னோம். எழுத உக்காந்த ஏட்டு வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாரு. டிஸ்பிளேவைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. என்ன செஞ்சேன்னு மறைக்காமச் சொல்லிட்டேன். அன்னைக்கு எனக்கு வந்த வெக்கத்தை இன்னைக்கும் முழுங்க முடியல. அவரு பேனா மூடியைக் கழட்டிக்கிட்டே சொன்னாரு: "ஏம்மா, இது சைக்கிளா வண்டியா? மொதல்ல அதச் சொல்லுங்க, அப்புறந்தான் நான் எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னு பாக்கணும்."

அன்னையில இருந்து என் கடையில யாருக்கும் ஏத்துறதில்ல. அப்பனா இருந்தாலும் சரி, ஆண்டவனா இருந்தாலும் சரி.

பாய் பேரு போச்சு

நான் ஏத்தலைன்னா என்ன, அவங்களா ஏத்திக்கிருவாங்க. டவுனுக்குள்ள செருப்புக் கடை வச்சிருக்க காதர் பாய் ஒரு நாள் வந்து, வண்டி ஓடுது, ஆனா டிஸ்பிளே பொய் சொல்லுதுன்னாரு. பழைய மாடல். பின் சக்கரக் கம்பியில ஒரு காந்தம் இருக்கும், அது எத்தனை சுத்துச் சுத்துதுன்னு பாத்துத்தான் வேகம் தெரியும். குனிஞ்சு பாத்தா, காந்தம் சக்கரத்துல இல்ல. பெடல் தண்டுல டேப் போட்டு ஒட்டியிருக்கு. யாரோ வீடியோவுல சொல்லிக் குடுத்திருக்காங்க. சக்கரம் மூணு சுத்துச் சுத்துனா பெடல் ஒரு சுத்து. வண்டி முப்பதுல பறந்தாலும் டிஸ்பிளே பத்தைத் தாண்டாது, மோட்டாரும் நிக்காது.

"அதான் நெனச்சது நடந்துருச்சே பாய், பெறகென்ன?"ன்னேன். அங்கதான் வெனை. சக்கரைக்கு டாக்டர் தெனம் இருபது கிலோமீட்டர் மிதிக்கச் சொல்லியிருக்காரு. இவரும் வேர்க்க விறுவிறுக்க மிதிச்சுட்டு வீட்டுக்குப் போறாரு. அவரு வீட்டம்மா வாசல்லயே டிஸ்பிளேவைப் பாக்குறாங்க, ஏழு கிலோமீட்டர்னு இருக்கு. மிச்ச நேரம் எந்த டீக்கடையில உக்காந்திருந்தீகன்னு விசாரணை. உண்மையைச் சொன்னா அதுக்குத் தனியா ஒரு விசாரணை. ஸ்டூல்ல உக்காந்து நெத்தியைத் தொடைச்சுக்கிட்டாரு பாய்: "வேகம் போனாப் போகுதும்மா. காந்தத்தைப் பழைய எடத்துலயே வச்சு மொதல்ல என் பேரைக் காப்பாத்திக் குடு."

தனசேகரன் சார்

இவரை நெனைச்சாத்தான் எனக்கு இன்னமும் நெஞ்சு கனக்குது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. ஞாயித்துக்கெழமை காலையில அஞ்சு பேரு பசுமலையில கெளம்பி, மேலக்கால் ரோட்டுல சோழவந்தான் போயி, ஒரு காப்பியைக் குடிச்சுட்டுத் திரும்புவாங்க. அந்தக் கூட்டத்தைச் சேத்ததே சார்தான். போன வருசம் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. மூச்சு வாங்கக் கூடாது, மோட்டார் வச்ச சைக்கிள்னா போங்கன்னுட்டாரு டாக்டர். எங்கிட்டதான் வாங்குனாரு.

மத்த நாலு பேரும் சாதா சைக்கிள், நல்ல காலு. சமதரையில இருபத்தெட்டு, முப்பது போவாங்க. சாருக்கு இருபத்தஞ்சுல மோட்டார் நின்னுரும். அதுக்கு மேல மிதிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். துவரிமான் தாண்டறதுக்குள்ள அவங்க புள்ளியாத் தெரிவாங்க. எனக்காக நிக்காதீங்கன்னு வீம்பா இவரே சொல்லிட்டாரு. அவங்களும் நிக்கல. கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரமாப் பாத்து, ஒரு முப்பதுக்கு வச்சுக் குடும்மான்னு கேட்டாரு. என் தம்பி கதையைச் சொன்னேன். முடியாது சார்னு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னேன். சைக்கிளை என் பக்கமாத் தள்ளி நிறுத்துனாரு: "அப்ப வண்டியை நீயே வித்துக் குடுத்துரும்மா. தனியாப் போறதுக்கு நான் வீட்டுலயே உக்காந்துருவேன்."

மனு நாள்

அன்னைக்கு ராத்திரி கடையைச் சாத்தியும் வீட்டுக்குப் போகல. தப்பு விதி மேலயா, என் மேலயான்னு யோசிச்சேன். கனத்த சைக்கிளுக்கு இருபத்தஞ்சு சரிதான். ஆனா மெலிசான ரோடு சைக்கிள்ல சாதாரண மனுசன் காலாலயே இருபத்தெட்டு போறான். நெஞ்சுக்கு முடியாதவருக்கு மோட்டார் அது வரைக்கும் கூட வந்தா என்ன கொறைஞ்சுரும்? திருட்டுத்தனமா ஏத்த மாட்டேன். ஆனா விதியையே ஏத்தச் சொல்லிக் கேக்கலாமே? உக்காந்து மனு எழுதுனேன். இந்த வகைக்கு மட்டும் முப்பத்திரண்டு, ஹெல்மெட் கட்டாயம், வருசம் ஒரு தடவை பிரேக் சோதனை.

திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனேன். இது டெல்லிக்காரங்க முடிவு பண்றதும்மான்னாங்க. அப்ப டெல்லிக்கு அனுப்புங்க, சீல் வச்ச ரசீது குடுங்கன்னு நின்னேன். அடுத்த மாசம் போனேன், மொத மனு எங்கன்னு கேட்டு இன்னொண்ணு குடுத்தேன். மூணாவது தடவை வரிசையில என்னையப் பாத்ததுமே மனு வாங்குற அதிகாரிக்குச் சிரிப்பு வந்துருச்சு. நல்ல மனுசன், தண்ணி குடுத்து உக்கார வச்சுச் சொன்னாரு: "எங்க தெருவுல வேகத்தடை போடுங்கன்னுதாம்மா எல்லாரும் மனு குடுப்பாங்க. வேகத்தை ஏத்துங்கன்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

ஆடிக் காத்து

சார் வண்டியை நான் விக்கவே இல்ல. வாங்க ஆள் வரலைன்னு பொய்யும், விதியை ஏத்த மனு போட்டிருக்கேன்னு நெசமும் அவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். டயர் மாத்துனேன், செயின் மாத்துனேன். ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை போங்க சார், எந்த எடத்துல விட்டுப் போகுதுன்னு நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்து பாக்குறேன்னு கெஞ்சுனேன். இதுதான் கடைசின்னு சொல்லிட்டுத்தான் ஏறுனாரு.

ஆடி மாசம். கோச்சடை தாண்டி வெளியில வந்ததும் மேக்க இருந்து காத்து மூஞ்சியில அறையுது. என் ஸ்கூட்டரே ஆடுது. நாலு பேரும் வழக்கம் போல முன்னாடி பறந்தாங்க. துவரிமான் வந்துச்சு, புள்ளியாகல. மேலக்கால் வந்துச்சு, கிட்டத்துலயே தெரியுறாங்க. எதிர்க்காத்துல அவங்க காலு இருபதுக்கு எறங்கிப் போச்சு. சாரோட மோட்டாருக்குக் காத்து ஒரு பொருட்டா? இருபத்தஞ்சுலயே நிக்குது. டாக்டர் சொன்ன மாதிரி மூச்சு வாங்காம, அலட்டிக்காம மிதிச்சுப் போயி, நாலு பேரையும் தாண்டி முன்னால நின்னுட்டாரு. ஒவ்வொருத்தரா அவரு முதுகு மறைப்புல வந்து ஒட்டுறாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு; காத்துல தூசின்னு நானே சொல்லிக்கிட்டேன். கடைசியா ஒட்டுன ஜெராக்ஸ் கடைப் பாண்டி நாக்குத் தள்ளக் கத்துறாரு: "சார், இருபத்திரண்டுல போங்க சார், புண்ணியமாப் போகும்."

சார் இருபத்திரண்டுக்கு எறக்குனாரு. சோழவந்தான் வரைக்கும் ஒரு ஆளையும் விடாமக் கூட்டிட்டுப் போனாரு. காப்பிக் கடையில தம்ளரை என் கையில குடுத்துட்டு, மத்தவங்களுக்குக் கேக்கணும்னே சத்தமாச் சொன்னாரு: "செல்வி, அந்த மனுவை ஆடி முடியட்டும், அப்புறமாக் குடும்மா."

காத்து அடிக்கிறது வருசத்துல ஒரு மாசந்தான். மிச்சம் பதினோரு மாசத்துக்கு நாலாவது மனுவை எழுதி, சார் கையெழுத்தை மொத ஆளா வாங்கி, பைக்குள்ள வச்சிருக்கேன்.