பேயை நீக்கவா?

"சார், நான் எப்ப செத்தேன்?"

போன செவ்வாய்க்கிழமை காலை, காபியில் வாய் வைப்பதற்குள் வந்த போன். பேசியவர் பிள்ளையார்பாளையம் கஸ்தூரியம்மா. குரலில் கேலி இல்லை.

"வாசல்ல ரெண்டு பேர் துக்கம் கேக்க வந்து நிக்கிறாங்க. ஒருத்தர் கையில மாலை இருக்குது. நான்தான் கதவ தெறந்தேன். பாவம், அந்த மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. என்னாபான்னு கேட்டா, நீங்க எடுத்த போட்டோவ காட்றாங்க சார்."

எனக்கும் வெலவெலத்தது. எடுத்தவன் நான்தானே...

கஸ்தூரியம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவை பார்டரில் மயில் தானாக வந்து உட்காருவதில்லை. டிசைனை முதலில் கிராஃப் தாளில் வரைவார்கள். அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாக அட்டைகளில் ஓட்டை போட்டு, கோத்து, தறிக்கு மேலே மாட்ட வேண்டும். அந்த ஓட்டை போடுகிறவர்தான் கஸ்தூரியம்மா. ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்கு மூக்கு போய்விடும். அவருடைய மெஷின் வார்ப்பிரும்பு. அவரைவிட வயதில் மூத்தது. தினமும் காலையில் துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார்.

நானோ சில மாதங்களாக ஹெச்.டி.ஆர். போட்டோ பித்துப் பிடித்து அலைகிறவன். பழைய இரும்பு எங்கே கண்ணில் பட்டாலும் டிரைபாடை விரித்துவிடுவேன். விஷயம் இதுதான் — ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று படம் எடுப்பது. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கினால் ஜன்னல் வெளிச்சமும் மூலை இருட்டும் ஒரே படத்தில் துல்லியமாகத் தெரியும்.

அப்படித்தான் கஸ்தூரியம்மாவின் ஷெட்டுக்கும் போனேன். முதல் படத்தில் அவர் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டில் வெளிச்சம் குறைவு, ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிகள் ஆனது. அதற்குள் அவர் எழுந்து அடுத்த கட்டு அட்டை எடுக்கப் போய்விட்டார். வேலை செய்கிறவர் எனக்காகச் சிலையாக உட்கார்ந்திருப்பாரா என்ன? வீட்டுக்கு வந்து மூன்றையும் சேர்த்தபோது நாற்காலியில் புகை மாதிரி ஓர் உருவம். கம்ப்யூட்டர் கேட்டது: 'கோஸ்ட்' நீக்கவா?

கோஸ்ட் என்றால் பேய். அசைகிற எல்லாமே அந்த சாஃப்ட்வேருக்குப் பேய்தான். டிக் அடித்தேன். கஸ்தூரியம்மா போய்விட்டார்.

அதோடு விட்டேனா? டீடெய்லை ஏற்றினேன், கான்ட்ராஸ்ட்டை ஏற்றினேன். காலையில் அவர் விட்ட எண்ணெய், படத்தில் துருவாகிவிட்டது. பளபளவென்று இருந்த மெஷின் நூறு வருஷமாக யாரும் தொடாதது போல ஆகிவிட்டது. எனக்கு ஒரே பூரிப்பு.

நான் இருக்கும் போட்டோகிராஃபி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அட்மின் 'ஓய்ந்தது' என்று தலைப்பு வைத்து ஃபேஸ்புக்கில் போட்டார். கீழே யாரோ 'ஆர்.ஐ.பி.' என்று எழுதினார்கள் — மெஷினுக்கு. அது நெசவாளர் குழுக்களுக்குப் போனது. ஷெட் தெரிகிறது, மெஷின் தெரிகிறது, நாற்காலி காலி, தலைப்பு 'ஓய்ந்தது'. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஆரம்பித்து, கைகூப்பிய படங்களாகக் குவிந்துவிட்டன.

நேரில் ஓடினேன். கஸ்தூரியம்மா மெஷினில் உட்கார்ந்து அட்டை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"மாலைய பத்திக் கவலயில்ல சார். புள்ளையாருக்குப் போட்டுட்டேன். முகூர்த்த சீசன் வருது. நான் இல்லன்னு நெனச்சிக்கினு எனக்கு வரவேண்டிய மூணு டிசைன ஆரணிக்குக் குடுத்தனுப்பிட்டாங்க. அத யாரு திருப்பிக் கொண்டாருவாங்க?"

வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று அட்மினுக்குப் போன் போட்டேன். வாரக் கடைசியில் சென்னையிலிருந்து கேமராவோடு வருகிற ஐ.டி. இளைஞர் அவர்.

"தலைப்ப மாத்துங்கப்பா. அந்தம்மா உயிரோட இருக்காங்க. மெஷின் ஓடிக்கிட்டிருக்கு."

"சார், செம ரீச் போய்க்கினு இருக்குது. இப்ப மாத்தினா ஃபீல் போயிடும். ஆள் இருந்தா மூட் செட் ஆகாது சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதென்ன, பழசு என்றாலே செத்துத்தான் கிடக்க வேண்டுமா? ரைஸ் மில் பாய்லர், லேத், பிரிண்டிங் பிரஸ் என்று எதைப் பார்த்தாலும் நமக்குத் துரு வேண்டும், ஒட்டடை வேண்டும், ஆள் மட்டும் கூடாது. துடைத்து வைக்கிறவரைக் காலி செய்துவிட்டு, ஐயோ யாருமே இல்லையே என்று உச்சுக் கொட்டுகிறோம். அட்மினைத் திட்டி என்ன பயன்? அந்த டிக்கை அடித்தது என் விரல்தானே.

கஸ்தூரியம்மா மெஷினை நிறுத்தினார்.

"இப்ப ஒண்ணு எடுங்க சார். மூணெல்லாம் வேணாம், ஒண்ணே ஒண்ணு. மிஷின் தெரியலன்னாலும் பரவால்ல, என் மூஞ்சி நல்லா தெரியணும்."

பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதைக் காட்டப் போய் நிற்பார்களே, அந்த மாதிரி அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எடுத்தேன். ஜன்னல் பக்கம் ஒரே வெள்ளை, மூலையெல்லாம் கறுப்பு. படத்துக்குக் கீழே எழுத வேண்டியதையும் அவரே சொன்னார்.

"உயிரோட கீறேன், மிஷினும் ஓடுது, காலைல ஒம்போதுக்குத் தெறப்பேன்னு போடுங்க."

அப்படியே எழுதி, நெசவாளர் குழுவுக்கும் எங்கள் போட்டோகிராஃபி குழுவுக்கும் அனுப்பினேன். ஆரணிக்குப் போன மூன்றில் ஒரு டிசைன் மறுநாளே திரும்பி வந்தது. மற்ற இரண்டுக்கும் அங்கே அட்டை அடித்து முடித்துவிட்டார்களாம்.

எங்கள் குழுவிலோ அந்தப் படம் பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. அட்மின் நீக்கிவிட்டார். காரணமும் அனுப்பியிருந்தார்: 'சாரி சார், குரூப்பில் விளம்பரத்துக்கு அனுமதியில்லை.'

செத்தால் கலையாம்; உயிரோடு இருந்தால் விளம்பரமாம்.