கிணற்றுக்குள் இறங்கியவர்

ஜெமீல் ஆசிரியரின் மௌத்துச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது நான் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். துக்கம் வருவதற்கு முன்பே, மையத்து வீட்டில் துக்கம் கேட்க வருபவர்களிடம் அவரைப் பற்றி என்ன சொல்லலாம் என்ற யோசனை வந்துவிட்டது. கிணற்றுக் கதையைச் சொல்வோம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

அவரை அறிந்த உங்களில் பலர் அந்தக் கதையை என் வாயால் கேட்டிருப்பீர்கள். எங்கள் பாடசாலைக் கிணற்றில் சிஃப்னா என்ற சிறுமி தவறி விழுந்தாள். நான் கயிற்றைப் பிடித்து இறங்கி அவளைத் தோளில் தூக்கினேன். ஜெமீல் சேர் மேலே நின்று இழுத்தார். சில வருடங்கள் கழித்துப் பரிசளிப்பு விழா மேடையிலும் அப்படித்தான் சொன்னேன். முன்வரிசையில் இருந்து அவர் கைதட்டினார்.

அவர் உயிரியல் ஆசிரியர். நான் தமிழ் ஆசிரியர். விழாவுக்குப் பிறகு ஒருநாள் ஆசிரியர் அறையில், நினைவு மூளையில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு இடத்துல இல்ல சேர். ஒரு விசயம் நடக்கக்குள்ள சில நரம்புக் கலங்கள் ஒண்டா வேலை செய்யும். அதுகளுக்கு இடையில இருக்கிற தொடுப்பு பலமாகும். கலம் புதுசாப் புரதம் செஞ்சி அதக் கட்டினாத்தான் நினைவு நிலைக்கும்."

பிறகு, "திரும்ப நினைக்கக்குள்ள அந்தத் தொடுப்பு கொஞ்சம் இளகும். மறுபடி கட்டணும். அந்த நேரம் வேற என்னவும் பூந்திட்டா அதுவும் சேந்து இறுகிரும்" என்றார்.

நல்ல விளக்கம் என்று பாராட்டினேன். யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மையத்து வீட்டு முற்றத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் அதே கதையைச் சொல்லி முடித்தேன். வேலியோரம் நின்ற சிஃப்னா என்னைத் தனியே அழைத்தாள். இப்போது அவளும் ஒரு தாய்.

"சேர், கிணத்துக்குள்ள எறங்கினது ஜெமீல் சேர்."

"இல்ல மகள். பாசியில கால் வழுக்கினது எனக்கு இன்னும் ஞாபகம் இரிக்கி."

"அவர்ட தோள்ல இருந்து நான் மேல பாத்தன். வட்டமா வெளிச்சம். அதுக்குள்ள உங்கட முகம். கயிறப் புடிச்சி அழுதுட்டு நிண்டீங்க."

பாசியைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவர்தானோ? விழா அன்றே ஏன் என்னைத் திருத்தவில்லை என்று சிஃப்னாவிடம் கேட்டேன். விழா முடிந்த கையோடு அவள் ஜெமீல் சேரிடம் முறையிட்டாளாம்.

"அவர் பொய் சொல்லல்ல மகள். சொல்லிச் சொல்லி அவருக்கு அப்பிடியே இறுகிட்டு. சபையில திருத்தினா மனிசன் உடைஞ்சிருவாரு" என்றாராம்.

கபுறடியில் மண் அள்ளிப் போடும்போது யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

என்னிடம் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்: இறங்கியவர் அவர். ஆனால் இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் பிள்ளையின் பாரம் என் தோளில்தான் இருக்கிறது. ஜெமீல் சேரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அதுதான். அவர் பட்ட பாடு, என் நினைவாக.