நாலு விரல் சரிவு

டீக்கடையில் டீ வந்து சேர்வதற்குள் அவர் மேசையைச் சரிசெய்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் நீள ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். பிறகு பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, நாலாக மடித்து, குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகுவார். "இப்பக் குடிச்சாத்தான் டீ டீயா இருக்கும்" என்பார். கடைக்காரருக்குப் பழகிவிட்டது. "மத்தவங்களுக்குச் சக்கரை கம்மியா இருக்கும். இவருக்கு மேசைக்கால் கம்மியா இருக்கும்" என்று மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ரசமட்டம் என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. மூட்டுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சம்பந்தியைப் பார்க்கப் போனவர், நலம் விசாரிப்பதற்கு முன் கட்டில்காலை விசாரித்தவர். சம்பந்தியம்மா இன்றுவரை அதை மறக்கவில்லை. "கோணலா படுத்திருந்தா வலி எப்படிங்க குறையும்?" என்று இவர் இன்றுவரை வாதாடுகிறார்.

தொழில் மரம் அறுப்பது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு சக்கரம் வைத்த சின்ன அறுவை இயந்திரம். மரத்தடி படுக்க முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் பெட்ரோல் எஞ்சின், எஞ்சினோடு சுற்றும் ரம்பப் பட்டை. காற்றில் விழுந்த மரமோ, வீடு கட்ட வெட்டிய மரமோ, யார் கொண்டுவந்து போட்டாலும் பலகையாக்கித் தருவார். அறுக்கும் முன் ஒவ்வொரு தடியையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "உள்ள ஆணி கீணி இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு ராசா" என்று தடியிடம் கெஞ்சுவார். சொல்லாமல் ஏமாற்றிய தடிகள் அவருடைய ரம்பத்தின் பற்களை நிறையவே தின்றிருக்கின்றன.

அறுப்பதில் சிரமமில்லை. தடியை ஏற்றுவதில்தான் உயிர் போகும். தரையில் கிடப்பதைச் சாய்வுப் பலகை வைத்து, இரண்டு பேர் இரண்டு கடப்பாரையால் நெம்பி, சட்டத்துக்கு ஏற்ற வேண்டும். ஒரு முனையில் அவர், மறுமுனையில் மனைவி. ஒன்பது வருடமாக இதுதான் நடைமுறை. "ரெண்டு... மூணு!" என்று அந்த அம்மாள்தான் குரல் கொடுப்பார். ஒன்று எங்கே போனது என்று இருவரில் யாரும் கேட்டதில்லை. நடுவில் ஆள் வைத்தும் பார்த்தார்கள். முதல் ஆள் இரண்டு நாள் தாங்கினான். அடுத்தவன் அடுக்கிய பலகைகளை இவர் மூன்று முறை பிரித்து அடுக்கச் சொல்ல, அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவன் போனவன்தான்.

போன வருடம் நூலகத்திலிருந்து அந்த அம்மாளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். புத்தகங்களுக்கு அட்டை போட்டு, எண் ஒட்டி, அடுக்குகிற வேலை. கையில் கிடைத்த தாளையெல்லாம் படிக்கிற மனுஷி. கடையில் பொட்டலம் கட்டி வந்த பழைய செய்தித்தாளைக்கூடப் படித்து முடிக்காமல் அடுப்பில் போடமாட்டார். ஆனாலும் "இப்ப முடியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணவரிடம் மூச்சுவிடவில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சான் போகிற போக்கில் உளறிய பிறகுதான் விஷயம் இவருக்குத் தெரிந்தது. தடியின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை என்பதற்காக ஒருத்தி தன் ஆசையைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டாளே என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

இந்த வருடம் மறுபடி போன் வந்தது. எடுத்தவர் இவர். "திங்கக்கிழமை வேணாம், அதுக்கடுத்த திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு டாண்ணு வந்துடுவா" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்த பிறகுதான் மறுமுனைக் கடப்பாரை ஞாபகம் வந்தது.

"யாரோட சேந்து உருட்டுவீங்க?" என்றார் மனைவி.

"நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாப்பீங்க?"

"அதான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

அவர் பார்த்துக்கொண்டது ஒரு மேடை. இயந்திரத்தின் பக்கவாட்டில், சட்டத்தின் உயரத்துக்கே, அதை நோக்கி நீட்டிய இரண்டு நீள உத்திரங்கள். லாரிக்காரர் தடிகளை அதன் மேலேயே இறக்கிவிடுவார். அங்கிருந்து ஒவ்வொன்றாக உருட்டினால் நேரே சட்டத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நெம்பவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். ஒரே ஆள் போதும்.

ஆறு குழி தோண்டினார். ஜல்லி போட்டு இடித்து, ஆறு கால்களை நட்டார். பதினாலடி உத்திரங்கள் இரண்டையும் மச்சானோடு தூக்கி வைத்து போல்ட் போட்டார். நாலு நாளில் முடிய வேண்டிய வேலை பதினோரு நாள் ஆனது. காரணம் அந்தக் குமிழி. நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போனாலும் போல்ட்டைக் கழற்றிவிடுவார். ஒரு காலில் நகக்கனம் சீவ அரை நாள். "இதுமேல ராஜாவா வந்து படுக்கப்போறாரு?" என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மேடை தயார். லாரிக்காரர் ஆறு தடிகளை அதன் மேல் இறக்கிவிட்டுப் போனார். வாயெல்லாம் பல்லாக மனைவியையும் மச்சானையும் கூப்பிட்டார். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்றை உத்திரத்தின் மேல் வைத்து, கையை எடுத்தார். குண்டு நின்ற இடத்திலேயே நின்றது.

"பாத்தீங்களா, இம்மி அசையல!"

மச்சான் மரியாதைக்குத் தலையாட்டினார். மனைவி குண்டையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார்.

"உருட்டத்தானங்க மேடை கட்டினீங்க? அசையாம இருக்கிறதுக்கா பதினோரு நாளு பாடுபட்டீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "தடி வேற, குண்டு வேற" என்று சொல்லி, மேடைமேல் கிடந்த தடி ஒன்றை இயந்திரத்தை நோக்கித் தள்ளினார். அரைச் சுற்று உருண்டு, சாப்பிட்டு முடித்த ஆள் சாய்வதுபோல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி தள்ளினார். மறுபடி அரைச் சுற்று. கடப்பாரையை எடுத்து நெம்பினால் ஒரு முனை முன்னே போனது, மறுமுனை பின்தங்கியது. அந்த முனைக்கு ஓடினார். இந்த முனை கோணிக்கொண்டது. இப்படி அங்கும் இங்குமாக ஓடி ஓடி, கால்மணி நேரத்தில் தடி ஆறடி நகர்ந்திருந்தது. அவருக்கு இரைத்தது.

மறுமுனையில் இன்னொரு கடப்பாரை வந்து நின்றது. மனைவி, ஒன்பது வருடமாக நிற்கிற இடத்தில் நின்றார்.

"ரெண்டு..."

"வேணாம். நீ தள்ளிப் போ."

"திங்கக்கிழமை என்ன செய்வீங்க? வேலைக்கு வரலைன்னு இன்னிக்கே சொல்லிடறேனே. அவங்களும் வேற ஆளு பாக்கணும்ல."

குரலில் கோபமில்லை. கோபமாக இருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டிருப்பார். இப்படிச் சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னால் என்ன செய்வது? அவர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்தால் தடி உருளும் என்பது அவருக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தெரிந்தே, வேண்டுமென்றே, தன் கையால் ஒன்றைக் கோணலாக்குவதா? பிறர் கட்டிய கோணலைப் பார்த்தாலே தூக்கம் கெடுகிற மனுஷன் அவர்.

"நாளைக்கு ஒரு நாளு இருக்கில்ல" என்றார் கடைசியில். "லைப்ரரிக்கு ஒண்ணும் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் ஜாக்கியோடு வந்தார். இயந்திரத்தின் பக்கமுள்ள கால்களைத் தொடவில்லை; அங்கே உயரம் மாறக் கூடாது. இரண்டு உத்திரங்களின் பின்முனையையும் தூக்கி, கால்களுக்கு மேல் நாலு விரல் கனத்துக்கு அண்டைக்கட்டை. நடுக்கால்களில் இரண்டு விரல். போல்ட்டை முறுக்கும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாமா, ரசமட்டம் வெச்சுப் பாக்கலியா?"

"வாய மூடிட்டு ஸ்பேனரப் பிடி."

எவ்வளவு சரிவு என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: "தானா ஓடக் கூடாது. தொட்டா ஓடணும்." இதற்காக ஆறு தடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அண்டைக்கட்டைகளை நாலு முறை சீவினார். ஒவ்வொரு தடிக்கும் முன்னால் இரண்டு ஆப்பு. ஆப்பை எடுக்கிறவன் பக்கவாட்டில் நின்றுதான் எடுக்க வேண்டும், தடிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்று மச்சானிடம் பத்து முறை சொன்னார். சாயங்காலம் தள்ளி நின்று மேடையைப் பார்த்தார். கண்ணுக்குச் சரிவே தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது. வீட்டுக்குள் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டரை மணி. மனைவி புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டகை வழியாக வந்தார். சாவியை எடுத்தேனா என்று பையைத் துழாவினார். அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மணியாச்சு, கெளம்பு."

"கெளம்பத்தான் போறேன்."

கேட் வரை போன காலடிச் சத்தம் அங்கேயே நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தடிகளிலேயே பெரியது முதல் வரிசையில் இருந்தது. வேண்டுமென்றேதான் அதை அங்கே வைத்திருந்தார். பக்கவாட்டில் நின்று ஆப்பு இரண்டையும் தட்டி எடுத்தார். பின்னால் வந்து, தடியின் நடுவில் வலது கையை வைத்துத் தள்ளினார். அது யோசித்து, பிறகு மெல்லப் புரண்டு, ஒரே சீராக உருண்டுபோய், சட்டத்தில் ஏறி, அதன் அப்புறத்து முட்டுகளில் டொம்மென்று மோதி நின்றது.

தள்ளத் தொடங்கும்போதே, கேட்டில் நிற்கிறவள் பார்க்கட்டும் என்று, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். ஐந்து விரலும் விரித்த வெறுங்கை. கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்ட பிறகும், தெருமுனை வரை காலடி தேய்ந்து மறைந்த பிறகும், அதை அவர் இறக்கவில்லை.