பாலத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் அண்ணி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். ஓட்டல் சிப்பந்திகளின் வெள்ளைச் சட்டைகள் மலைபோல் வந்து குவியும். காலரில் ஆரம்பித்துக் கடைசிப் பொத்தான்வரை ஒரு சுருக்கம் விடமாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் உட்காருவது வீடியோ கேமின் முன்னால். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அண்ணன் சரக்குக் கப்பலில் மெக்கானிக். போனால் மாதக்கணக்கில் தண்ணீரில்தான். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஒரு மாயாஜால கேமைத் தொடங்கினார்கள். நாயகனுக்கு அண்ணனின் சப்பை மூக்கையும் தொப்பையையும் வைத்தது அண்ணிதான். லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணன் அவனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் போவார். அங்கிருந்து அண்ணி மேலே நடத்திப் போவார். கப்பலிலிருந்து போன் வந்தால், "என்னை எங்க கொண்டுபோய் விட்டிருக்க?" என்பதுதான் அண்ணனின் முதல் கேள்வி.

இப்படியே கடைசிப் பாலம்வரை வந்தாயிற்று. சலவைக் கடையில் பில் போடுகிற பெண் அதே கேமை ஆடி முடித்தவள். பாலத்தைத் தாண்டினால் நாயகன் செத்துவிடுவான், தலைகீழாக நின்றாலும் தப்ப முடியாது என்று போட்டு உடைத்துவிட்டாள். அன்றோடு சரி. அண்ணி அவனை ஆற்றில் மீன் பிடிக்கவைப்பார், தினமும் சட்டை மாற்றிவிடுவார், மறுபடி பாலத்துக்கு இந்தப் பக்கமே கொண்டுவந்து நிறுத்துவார். ஏதோ ஞாபகத்தில், அண்ணனை விசாரித்த பக்கத்து வீட்டம்மாவிடம் பாலத்துக்கிட்டதான் நிற்கிறார் என்று சொல்லிவிட, அந்தம்மா தெருக்கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது தனிக்கதை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாயகன் செத்தால்தான் கதை மனதில் நிற்கும், எழுதியவன் ஒன்றும் முட்டாள் இல்லை என்று மல்லுக்கு நின்றேன். அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தாதான் மனசுல நிக்கணுமா தம்பி? போனவன் நல்லபடியா திரும்பி வந்தான்னு எழுதினா ஆகாதா?"

அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டுதான் இவர் மாதங்களைத் தள்ளுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் லீவில் வந்தார். சேர்ந்தே முடித்துவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். அண்ணி மசியவில்லை. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவனை எதற்குப் பார்க்க வேண்டும் என்று டிவியையே போடவில்லை. லீவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அண்ணன் கப்பலேறிய மறுநாள் அண்ணி கேமைத் திறந்தார். திரையில் பாலத்தைக் காணோம். பாவி மனுஷன் முடித்துவிட்டார் என்று அவர் போட்ட சத்தத்தில் நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். பிறகுதான் நிதானமாகப் பார்த்தோம். கதை தொடங்குகிற அந்தச் சின்ன வீட்டுக்குள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் நாயகன். அண்ணி வேலைக்குப் போயிருந்த பகல்களில் அண்ணன் அவனைக் காடு, மலை எல்லாம் திரும்ப நடக்கவைத்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

அண்ணி எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. கிட்டே போய் அந்தச் சப்பை மூக்கைத் தொட்டார்.

"இவன் வீடு வந்து சேர்ந்துட்டான் தம்பி," என்றார். "உங்க அண்ணன் எப்ப வருவாரு?"