கட்டை பட்டன் டயர்

ராயபுரம் அலெக்ஸாண்டர் ஓர் ஆளை எடைபோட வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்க மாட்டான். அந்த ஆள் ஓட்டிவந்த வண்டியின் டயரைப் பார்ப்பான். தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்துவிட்டால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்திலேயே முழந்தாளிட்டு இருந்தாலும் அந்த ஆளை இவன் திரும்பிப் பார்க்க மாட்டான். இத்தனைக்கும் இவனுடைய சொந்த 207 சரக்கு வண்டியின் டயர்கள் அப்போது மொட்டையோ மொட்டை. அது வேறு என்பான். தன் டயர் தேய்ந்தது உழைப்பால், மற்றவன் டயர் தேய்ந்தது அறிவில்லாததால்.

அறிவில்லாதவர்கள் அவனுக்கு ஊர் முழுக்க இருந்தார்கள். கன்டெய்னர் யார்டில் லோடு ஓட்டிக்கொண்டிருந்தான். மேனேஜரைக் கஸ்மாலம் என்று அவர் காதுபடச் சொன்னதில் அந்த வேலை போயிற்று. அப்புறம் ஐஸ் கம்பெனிக்கு ஓட்டினான். முதலாளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது என்று சுற்றிலும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். மாப்பிள்ளைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதுதான். அதற்காகப் பிரியாணி வைத்துக்கொண்டிருக்கும்போதா சொல்வது? அந்த வேலையும் போயிற்று. இவனுக்கு வருத்தமே இல்லை. முதலாளிக்கு உண்மை பொறுக்கவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த நாக்குக்கு வாடகை கட்டியவள் அவன் மனைவி பிலோமி. காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உரித்து உரித்து விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய், வீட்டில் ரசம் சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவாள். உப்பும் புளியும் பட்டால் அப்படி எரியும். அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் ஒழுகும் மூலையில் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவள் யாராவது வேலையை விட்டு நின்றால்தான் இவள் ஒரு பலகை நகரலாம். அப்படி நகர்ந்து நகர்ந்து பிலோமி கதவோரப் பலகைக்கு வந்திருந்தாள். அங்கே வெயில் விழும், தரையும் காய்ந்திருக்கும். அந்த இடத்தைப் பிடிக்க அவளுக்கு அவளுடைய இளமை முழுக்க ஆயிற்று.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பொங்கல் கழிந்த சமயத்தில், எண்ணூர்ப் பக்கம் காண்ட்ராக்ட் எடுத்திருந்த வேதமாணிக்கம் இவனைக் கூப்பிட்டனுப்பினார். அனல் மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குட்டைக்குக் கொண்டுபோகும் குழாய்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. குழாயையும் வெல்டிங் சாமானையும் சாம்பல் குட்டைக்குள் கொண்டுசேர்க்க எர்ணாவூர் லட்சுமணன் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதாக ஒரு வண்டி வேண்டும். சிக்காமல் போய் வந்தால் வருஷம் முழுக்க வேலை என்றார். டயரை மட்டும் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

பிலோமி அதை நம்பி அன்றைக்கே ஷெட்டு மேஸ்திரியிடம் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாள். கதவோரப் பலகை அடுத்தவளுக்குப் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இந்த ஒரு தடவை வாயை மட்டும் கட்டிக்கொள் என்று புருஷனிடம் கேட்டுக்கொண்டாள். அவன் கண்ணாடி பார்த்து மீசையை வெட்டிக்கொண்டிருந்தான். ம் என்றான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருந்தவள் பதுருன்னிசா. புருஷன் இறந்த பிறகும் கடையைக் கைவிடாமல் நடத்துகிறவள். எங்கே ஓட்டப்போகிறாய் என்று கேட்டாள். சாம்பல் குட்டை என்றதும் நடுத்தரப் பட்டன் போட்ட டயர் ஒன்றை உருட்டி வந்தாள்.

"இது தார்லயும் ஓடும், மண்லயும் ஓடும். சாம்பல்ல எறங்கசொல்லோ காத்த மட்டும் கொஞ்சம் எறக்கிக்கோ. லட்சுமணன் வண்டில இதான் கீது."

லட்சுமணன் பெயரைக் கேட்டதும் அலெக்ஸாண்டருக்கு முகம் கோணிவிட்டது. லட்சுமணன் வண்டியை அவன் பார்த்திருக்கிறான். பாதி தேய்ந்த டயர், அதிலும் காற்று குறைந்து தொப்பை தள்ளிக்கொண்டு நிற்கும்.

"ரெண்டுத்துக்கும் ஆவும்னா ஒண்ணுத்துக்கும் ஆவாதுனு அர்த்தம், பாயம்மா. ஆம்பள இல்லாத கடைனா இப்டித்தான்."

பதுருன்னிசா அந்த டயரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போய் வைத்தாள். நல்லது சொல்வதற்கும் ஓர் அளவு உண்டு. கடைக்குப் பின்னால், ஏதோ ஏலத்தில் புருஷன் எடுத்துப்போட்ட கட்டை பட்டன் டயர்கள் கிடந்தன. சேற்றைக் குத்திக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே செய்தவை, ஒவ்வொரு பட்டனும் செங்கல் துண்டு கனம். யாரும் சீந்தாமல், மழைத்தண்ணீர் தேங்கி, கொசு முட்டையிடுகிறதென்று நகராட்சிக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போன சரக்கு. அதைத் துடைத்து முன்னால் நிறுத்தி, உன்னை மாதிரி விஷயம் தெரிந்த ஆளுக்காகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன் என்றாள். அலெக்ஸாண்டர் அதை அப்படியே நம்பினான். பாராட்டு என்றால் மட்டும் அவன் யாரையும் சந்தேகப்படுவதில்லை.

புது டயர்களுக்குப் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். சாமியார் உள்ளே போனதும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டான். தார்ச்சாலையில் அந்த டயர்கள் ஊளையிட்டன. தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் போய் முடிகிறவரை பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. மரியாதைக்காக நிறுத்துகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சாம்பல் குட்டைக் கரையில் லட்சுமணன் குந்திக்கொண்டு, தீக்குச்சியால் வால்வை அழுத்தி ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். அங்கே வண்டி ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். உள்ளே போகும்போது இறக்குவார்கள், திரும்பும்போது எர்ணாவூர் வளைவில் பஞ்சர் கடையில் ஏற்றிக்கொள்வார்கள். லட்சுமணன் நிமிர்ந்து பார்த்து, இவனும் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் தேவலை என்று சொன்னான். அலெக்ஸாண்டர் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. காற்றுப் போன வண்டிக்குப் பின்னால் போகிற தலையெழுத்தா எனக்கு என்று ஜன்னல் வழியாகவே துப்பினான். முந்தின நாள்தான் தடியால் தட்டிப் பார்த்து, கிண்ணென்று சத்தம் வரும்வரை காற்றடித்து வைத்திருந்தான்.

கரைமேல் களிமண் சேறு. கட்டை பட்டன்கள் அதைக் குத்திக் குதறிக்கொண்டு ஜம்மென்று ஏறின. அலெக்ஸாண்டர் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டான். அவன் அறியாதது ஒன்றுதான்: சேறு வேறு, சாம்பல் வேறு. மழைக்கப்புறம் குட்டையின் மேலே சாம்பல் அப்பளம் மாதிரி காய்ந்து ஓடு கட்டியிருக்கும். அடியில் தண்ணீர் நிற்கும். லட்சுமணனின் தொப்பை டயர்கள் பாரத்தைப் பரப்பி, அந்த மேலோட்டை உடைக்காமல் மேலாகவே ஊர்ந்து போய்விட்டன. இவன் பட்டன் மேலோட்டைக் கீறியது. வண்டி லேசாகத் தாழ்ந்தது.

அந்த இடத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கலாம். குழாயை இறக்கிவிட்டு நாலுபேர் தள்ளினால் வந்திருக்கும். ஆனால் எதிரே நிற்பது லட்சுமணன் ஆயிற்றே. ஆக்சிலேட்டரை மிதித்தான். சேற்றைத் தோண்டுகிற டயர், மிதித்த மிதிக்குச் சாம்பலைத் தோண்டியது. வேலையாட்கள் நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்ட, இவன் மிதித்துக்கொண்டே இருக்க, கடைசியில் அச்சு போய்த் தரையில் உட்கார்ந்தது. இறங்கியபோது முழங்கால் வரை சாம்பல் கஞ்சி. தூரத்தில் உடைந்த குழாய் சாம்பல் தண்ணீரை ஓடைப் பக்கமாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

லட்சுமணன் தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். இவன் வண்டியிலிருந்த குழாய்களை மாற்றி ஏற்றிக்கொண்டு போய் வேலையிடத்தில் சேர்த்தான். திரும்பி வந்து, முதுகு நனையக் குந்தி, இவன் டயர்களில் தீக்குச்சியை வைத்து அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியே போயிற்று. அலெக்ஸாண்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு பலகை போட்டு, கயிறு கட்டி, எல்லாருமாக வண்டியை இழுத்துக் கரையேற்றினார்கள்.

வேதமாணிக்கத்துக்கு யார்மேலும் கோபம் கிடையாது, வேலை நடந்தால் சரி. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அந்த டயர குடுத்துட்டு வேற போட்டுகினு நாளைக்கு வா, நைனா. ஒரு வாரம் லட்சுமணன் பின்னாடியே ஓட்டு. பழகிடும்."

வேலை போகவில்லை. வருஷம் முழுக்க வேலை அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சரிங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும், பிலோமியின் விரல்கள் ஆறியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு அவன் வாயில் இடமில்லை.

"காத்து எறக்கிகினு அவன் பின்னால ஊர்ந்துகினு போறவன் நான் இல்ல. அதுக்கு வேற சோமாரிய பாரு."

வேதமாணிக்கம் பார்த்துக்கொண்டார். மறுநாளே வேறு வண்டி வந்தது.

அலெக்ஸாண்டர் எர்ணாவூர் வளைவில் நிற்காமல், காற்றில்லாத டயரோடு ராயபுரம் வரை உருட்டிக்கொண்டு வந்தான். அங்கே நிறுத்தினால், நீயும் காற்றை இறக்கினாயா என்று பஞ்சர் கடைக்காரன் கேட்பானே. வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சாம்பல் சரியில்லை என்றான். பதுருன்னிசா ஏமாற்றிவிட்டாள் என்றான். லட்சுமணனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்றான். அந்தக் கூட்டத்தில் டயர் ஒன்றுதான் யோக்கியம் என்று முடித்தான்.  அவன் ஓய்ந்த பிறகு பிலோமி கேட்டாள்:

"கதவாண்ட எடத்த குடுத்துட்டு வந்தேனே, அத பத்தி இன்னாயா சொல்ற?"

 பிலோமி ஷெட்டில் இடுப்பில் கட்டிக்கொள்வதற்காக ஆணியில் மாட்டியிருந்த ரப்பர் துணியை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஐஸ் பெட்டி மூலையாவது காலியாக இருக்கிறதா என்று மேஸ்திரியைக் கேட்க வேண்டும். அலெக்ஸாண்டர் பின்னாலேயே வந்து, ஏறிக்கொள், ஷெட்டில் விட்டுவிடுகிறேன் என்றான்.

பிலோமி அந்த டயர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று பார்த்தாள். பட்டன் இடுக்கெல்லாம் சாம்பல் காய்ந்து வெளுத்திருந்தது.

"வேணாம். பட்டன் தேஞ்சிடப் போவுது" என்று சொல்லிவிட்டுக் காசிமேட்டுப் பக்கம் நடந்தாள்.