மகளின் திரையில் என் வீடு

என் மகள் பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கும் வேலை செய்கிறாள். எங்கோ பூட்டிய அறைகளில் ஆளே இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டர்கள். அவை கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருப்பதாகத் தகவல் சொல்ல வேண்டுமாம். சொன்னால் திரையில் பச்சை. சொல்லாவிட்டால் சிவப்பு, உடனே தானாகவே யாருக்காவது போன் போகும்.

அந்தத் திரையில் என்னையும் சேர்த்துவிட்டாள்.

வீட்டுக்காரர் போன பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் நான் தனி. மகன் காஜாங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். அங்கே எல்லாரும் நல்லவர்கள்தான். எனக்குத்தான் இன்னொருத்தர் அடுப்படியில் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மகள் வாசல் கதவில் ஒரு சென்சார் ஒட்டினாள். நான் கதவைத் திறந்து வெளியே போனால் தகவல் போகும். அதன் பிறகு நான் திரும்பி வந்து ரொம்ப நேரம் கதவைத் திறக்காவிட்டாலும் போகும். முதலில் அவளுக்கு, அடுத்து அண்ணனுக்கு.

"ஒரு தடவை நான் காஜாங்லேருந்து ஓடி வர்ற மாதிரி ஆச்சுன்னா, அம்மா என்கூட வந்துரணும்," என்றான் மகன். மகள் சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

கீழ்வீட்டுப் பெரியவர் இறந்த அன்று காலையிலேயே அங்கே போய்விட்டேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பிணம் எடுத்த பிறகு, படிக்கட்டுக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு மேலே போகலாம் என்று திருகினேன். காற்றுதான் வந்தது. வாட்டர் கட்.

எங்களில் சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் உள்ளே போக மாட்டோம். என் குளியலறையில் வாளி நிறைய தண்ணீர் இருந்தது. ஆனால் சாமி இடத்தைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். மற்ற வீடுகளில் உள்ளே இருந்தவர்கள் வாளியை வெளியே நீட்டினார்கள். என் வீட்டில் உள்ளே இருக்க வேண்டியவள் நான்தான். தண்ணீர் இல்லாத நாளில் அடுத்த வீட்டில் போய் வாளி கேட்க வாய் வரவில்லை. வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்தேன்.

உள்ளே போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. திரையில் நான் சிவப்பாகிவிட்டேன் என்று புரிந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மகன் மூச்சு வாங்க மேலே வந்தான்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்க?"

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்பா. தண்ணி இல்ல."

தன்னிடம் இருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். உடனே அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள்.

"அண்ணே, பயப்படாத! அம்மா வந்துட்டாங்க, பச்சை வந்துருச்சு!"

"நான்தான் கதவத் தொறந்தேன். அவங்க இன்னும் படியிலதான் இருக்காங்க."

செருப்பைக் கழற்றிக்கொண்டே மகன் தொடர்ந்தான்.

"யார் தொறந்தாங்கன்னுகூடத் தெரியாது. இத நம்பியா அம்மாவ விட்டு வச்சிருக்க?"

"ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கெல்லாம் தீட்டு கிடையாதுண்ணே," என்றாள் மகள் மெதுவாக.

அவன் வாளியைக் கொண்டு வந்தான். புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன். "துணிமணி எடுத்து வைம்மா, போலாம்," என்றான். பேசினபடிதான் சொன்னான். தப்பில்லை.

"நான் வரலப்பா," என்றேன். இவ்வளவு சத்தமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

"அப்ப அடுத்த தடவை இப்படி ஆனா?"

"பக்கத்து வீட்டுல ஒரு வாளி கேட்டுக்கறேன்."

"நீ கேப்பியா?" நம்பவே இல்லை. "எங்க, இப்பக் கேளு, பாப்போம்."

ஈரத்தோடு நடந்து போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு வாளி தண்ணி..." என்றேன்.

"குளிச்சிட்டீங்க போல இருக்கே லா, ஆன்டி?"

"ஆமா," என்றேன். "இன்னொன்னு."

உள்ளே போய் அரை வாளி கொண்டு வந்து கொடுத்தாள். மகன் அதை வாங்கி என் குளியலறையில் வைத்துவிட்டு, தனியாகக் காஜாங்குக்குத் திரும்பிப் போனான்.