பொல்லடிக்கு ஒரு ஆள் குறைந்த கல்யாணம்

ஆறு வருடங்களுக்கு முன், பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு நடந்தது இது. கண்டிப் பக்கத்துக்காரனான நான், கல்முனைக்கு மேற்கே வயலோரத்தில் இருந்த ஒரு பெரிய அரிசி ஆலைக்கு மேலாளராக வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

வந்த நாளிலிருந்தே குறைசொல்வதுதான் என் வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் புகைக்குழாய், உமித்தூசி, நெல் லொறி. கொஞ்சம் தள்ளிப்போனால் தறிச்சத்தம். "இது ஊரே இல்லை, ஒரு பெரிய மெஷின். ஆட்கள் காலையில் உள்ளே போகிறார்கள், மாலையில் வெளியே வருகிறார்கள், அவ்வளவுதான்" என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் வாய் திறக்கமாட்டார். அவர் ஒருநாள் மகளின் கல்யாணக் கார்டோடு வந்தார்.

"மாப்பிளய பொல்லடியோட கூட்டி வாறம் சேர். நம்மட மில் ஆக்கள்தான் ஆடுற. நானும் ஆடுறன். கட்டாயம் வந்து பாக்கணும்" என்றார்.

பொல்லுகள் என்கிற கைக்கம்புகளைத் தட்டி ஆடும் ஆட்டம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். சரி என்று தலையாட்டினேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள், மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் வந்து நின்றார். நாளை பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முதல் போகவேண்டுமாம், பொல்லடிக்கு. ஏற்கெனவே பத்துப் பேருக்கு லீவு கொடுத்திருந்தேன். பின்னேரம் கொழும்பு லொறி வரும், ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். முடியாது என்றேன்.

"நான் இல்லாட்டி சோடி இல்ல சேர். பன்னெண்டு பேர் வேணும்."

"பதினொரு பேர் ஆடினா போதாதா? என்ன, ஒலிம்பிக்கா?" என்று சிரித்தேன். பக்கத்தில் இருந்த கிளார்க்கும் சிரித்தார். மூட்டைக்காரர் சிரிக்கவில்லை. "சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் மட்டும் நன்றாக உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். ஒழுங்கை முனையில் மாப்பிள்ளையின் கார் நின்றது. பந்தலடியில் பச்சைச் சட்டையும் வெள்ளைச் சாரமுமாகப் பதினொரு பேர் கூடிநின்று ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். கொதிகலன்காரரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அத்தனை மிடுக்காக, கையில் பொல்லுகளோடு நின்றார்.

ஏன் தொடங்கவில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.

"ஒராள் வரல்ல. மில்லில வேலையாம், நிண்டுட்டாராம். பொண்ணுட வாப்பாக்கு அவருதான் சோடி. ஒவ்வொரு அடிக்கும் எதிர்ல ஒரு பொல்லு இரிக்கணும், இல்லாட்டி ஆட்டமே குழம்பிரும்."

கொதிகலன்காரர் மற்றவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "நீங்க பத்துப் பேரும் ஆடுங்க. நான் பொறத்தால நடந்து வாறன்." அவர்கள் கேட்கவில்லை. "உங்கட மகள்ட கல்யாணத்துல நீங்க சும்மா நிக்க, நாங்க ஆடுறதா? அது ஏலாது" என்றார் ஒருவர்.

வராதவர் யாரென்று எனக்குத் தெரியும். ஒதுங்கிப்போய் ஆலைக்குத் தொலைபேசி எடுத்து மூட்டைக்காரரைக் கூப்பிட்டேன். லொறி இன்னும் வரவில்லை, மூட்டைக்கு மேல் குந்திக்கொண்டு இருக்கிறேன் என்றார். உடனே புறப்பட்டு வரச்சொன்னேன்.

"பொழுது பட்டுட்டு, இப்ப மஃரிபுக்கு பாங்கு சொல்லிருவாங்க சேர். நான் குளிச்சி உடுத்து வாறத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

அப்படித்தான் முடிந்தது. மாப்பிள்ளை ஆட்டமும் பாட்டும் இல்லாமல் ஒழுங்கையில் நடந்து வந்தார். கொதிகலன்காரர் பொல்லுகளை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுப் பந்தல் காலில் மாட்டிவிட்டு, மருமகனை வரவேற்க ஓடினார். அந்த லொறியோ மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தது.

பிறகு அவர் என்னைத் தேடிவந்து கையைப் பிடித்து அழைத்துப்போய், பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடும் சஹனில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். நல்ல இறைச்சித் துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். "வேலயோட வேலயா வந்தீங்களே சேர், அதுவே போதும்" என்றார். லீவு கொடுக்காதவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வெட்கத்தோடு சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்தநாள் மூட்டைக்காரரிடம் கேட்டேன், நான் லீவு தரவில்லை என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"சொன்னா அந்த ஊட்டுச் சோறு உங்களுக்கு எறங்குமா சேர்?" என்றார்.

தானாகத்தான் வேலைக்கு நின்றதாகச் சொல்லி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார் மனிதர். கூட்டாளிகள் பல வாரங்கள் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. கொதிகலன்காரர் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். தினமும் என் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால்தான் இது நடந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். மேலாளர் என்ற கெப்பர் விடவில்லை. லீவு கொடுக்காததைவிட இதுதான் என்னை இன்றும் அதிகமாகச் சுடுகிறது.

காலப்போக்கில் அவர்களே சமாதானமாகிவிட்டார்கள். அடுத்த வருடம் வேறொரு கல்யாணத்தில்தான் பொல்லடியை முதன்முதலாகப் பார்த்தேன். ஆலையில் காலை இழுத்து இழுத்து நடக்கும் ஆட்கள் அங்கே துள்ளித் திரும்பினார்கள். பாட்டு வேகமாக வேகமாக, வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்தார்கள். கொதிகலன்காரரும் மூட்டைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, தலைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் பொல்லைச் சரியாகச் சந்திக்கவைத்தார்கள். ஒரு அடி பிசகவில்லை. இத்தனை நாள் இவர்களுடைய வரவுப் பதிவில் கையெழுத்து வைத்தவன், இவர்கள் யார் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்த கொதிகலன்காரர், "பாத்தீங்களா சேர்?" என்று சிரித்தார். ஓம் என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு வேறு பெண்பிள்ளைகள் இல்லை. இனி அவர் யார் வீட்டு மாப்பிள்ளைக்கு ஆடினாலும் அது அந்த நாளுக்கு ஈடாகாது. பெருநாளுக்குப் பெருநாள் அவர் வீட்டிலிருந்து எனக்குப் பலகாரம் வருகிறது, நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், இதை அவர் வாசிக்கவேண்டும் என்ற ஆசையும், வாசித்துவிடுவாரோ என்ற பயமும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.